தையலுக்கு விட்ட மூக்கு

கத்தரிக்கோல் என்ற ஒன்றை மனிதன் கண்டுபிடித்த நாள் முதல் எந்தக் கொம்பனும் செய்யாத ஒரு காரியத்தை நான் போன வாரம் செய்துவிட்டேன். நான் வெட்டிய ஒரு கறுப்பு அட்டையை, ஒரு பெண்மணி தன் சொந்தப் புருஷன் என்று நம்பி, தெருவில் நின்று திட்டித் தீர்த்துவிட்டாள். அட்டை பதில் பேசவில்லை. அதனால் அது புருஷன்தான் என்ற அவளுடைய நம்பிக்கை இன்னும் உறுதியானது.

சிரிக்காதீர்கள். சாட்சி இருக்கிறது. அதுவும் எப்பேர்ப்பட்ட சாட்சி! 'மழை பெய்கிறது' என்று நான் சொன்னால், வெளியே கையை நீட்டிப் பார்த்து, கை நனைந்த பிறகும் 'மாடித் தொட்டி வழியுது' என்று சொல்லும் ஆள். என் மனைவியின் தம்பி. கூரியர் ஆபீஸில் மேனேஜர். ஆபீஸை மட்டும் அல்ல, எங்கள் வீடு, அவர் வீடு, தெருக் குழாய் எல்லாவற்றையும் அவர்தான் மேனேஜ் செய்கிறார் என்பதால் எங்களுக்கும் அவர் மேனேஜர்தான்.

முந்தைய அத்தியாயங்களைப் படிக்காமல், பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் இந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. நான் சட்டைத் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என் கத்தரிக்குக் கீழே போன துணியை எல்லாம் சேர்த்தால் பூமிக்கு ஒரு சட்டை தைத்து, மிச்சத்தில் நிலாவுக்குக் கைக்குட்டையும் போடலாம். ஓய்வு பெற்ற பிறகும் கை ஓயவில்லை. நாளிதழை மடித்தால் விரல் தானாகக் காலர் வளைவைத் தேடியது. ஆகவே ஜன்னலோரமாக ஒரு மேசையைப் போட்டு, கறுப்பு அட்டையில் பக்கவாட்டு முகங்களை வெட்ட ஆரம்பித்தேன். சின்னதாக வெட்ட எனக்கு வராது. சட்டை வெட்டியவனுக்கு ஆள் அளவுதான் அளவு. தலை, கழுத்து, தோள், எல்லாம் அசல் அளவில்.

ஒரே ஒரு சின்னக் குறை. நான் வெட்டிய முகம் எதுவும் யாருடைய முகமாகவும் இல்லை.

முதலில் மனைவியை வெட்டினேன். நீட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஃபிரிட்ஜ் நல்லா வந்திருக்கு" என்றாள்.

ஆனாலும் நான் விடவில்லை. ஏன் என்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். தொழிற்சாலையில் கத்தரியை எடுக்கும் முன்பே முடிவு தெரியும். சட்டை என்றால் சட்டைதான் வரும். இங்கே நெற்றியில் ஆரம்பித்தால் தாடையில் யார் வந்து நிற்பார் என்று எனக்கும் தெரியாது, கத்தரிக்கும் தெரியாது. காலையில் கண் விழித்ததும் உள்ளங்கையில் ஒரு குறுகுறுப்பு. பல் விளக்கும்போதே, கண்ணாடியில் இருப்பவனைப் பக்கவாட்டில் பார்க்க முயன்று கழுத்து சுளுக்கிக்கொண்ட ஆள் நான்.

இந்தக் குறுகுறுப்புக்குத்தான் அன்று காலை ஆபத்து வந்தது. செருப்பைக்கூட முழுசாகக் கழற்றாமல் வந்தது.

"அத்தான், ரெடியா இருங்க. திங்கக்கிழமையிலேர்ந்து வேலைக்குப் போறீங்க."

"நானா? எங்க?"

"என் ஃபிரெண்டு துணிக்கடை திறந்திருக்கான். வாசல்ல ஒரு நாற்காலி. வர்றவங்க பையை வாங்கி வெச்சுக்கிட்டு டோக்கன் குடுக்கணும். கதவு திறக்கும்போதெல்லாம் ஏ.சி. காத்து வரும். வேற என்ன வேணும் மனுஷனுக்கு?"

"துணி வெட்டணுமா?"

"தொடவே வேண்டாம். காலைல போனா ராத்திரி வரலாம். அவன் இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள பதில் கேட்டிருக்கான்."

காலையில் போய் ராத்திரி வருவது! என் ஜன்னல் வெளிச்சம் அந்த இரண்டுக்கும் நடுவில்தானே இருக்கிறது? ஆதரவு தேடி மனைவியைப் பார்த்தேன். அவள் கையில் துடைப்பம்.

"போயிட்டுத்தான் வாங்களேன். வீடு பூரா அட்டைத் துணுக்கு. நேத்து என் தலைமுடியில ஒரு காது ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. யாரோட காதுன்னு கேட்டா, வெட்டின உங்களுக்கே தெரியல."

"அது பயிற்சிக் காது."

"பாத்தியாடா தம்பி? காதுக்கு டியூஷன் நடக்குது."

மேனேஜர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் கண்ணாடி மேலே போய்விடும். பிறகு அதை வீடு முழுக்கத் தேடுவார். அது தனிக் கதை.

"அத்தான், உள்ளதைச் சொல்லுங்க. இத்தனை வெட்டியிருக்கீங்களே, ஒண்ணாவது ஒரு மனுஷன் மாதிரி இருக்கா? இருந்தா நானே வாயை மூடிக்கிட்டுப் போயிடுறேன்."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஒண்ணு வெட்டுறேன். பாக்குறவங்க தானா ஆளைச் சொல்லுவாங்க. அப்படிச் சொல்லிட்டா?"

"டோக்கன் குடுக்க வேற ஆளைப் பாக்கச் சொல்லிடுறேன்."

"சொல்லலைன்னா?"

"திங்கக்கிழமை நானே பைக்ல கொண்டுபோய் இறக்கி விடுறேன். நீங்களோ அக்காவோ ஜாடை காட்டக் கூடாது. அப்புறம், என்னையவே வெட்டுங்க. இந்தத் தெருவுல என் மூஞ்சி தெரியாதவன் கிடையாது."

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அந்த நாற்காலியில் எனக்காக ஏற்கெனவே துண்டு போட்டுவிட்டவர்களின் சிரிப்பு அது.

மேனேஜரை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். அவரால் வாயை மூடிக்கொண்டு உட்கார முடியாது என்பதால் போனில் பேசவிட்டேன். யாரையோ எங்கேயோ அனுப்பிக்கொண்டிருந்தார். நான் அட்டையை எடுத்து, தையல்காரர் சாக்கட்டியால் கோடு போட ஆரம்பித்தேன்.

இந்த முகத்தை என் கல்யாணத்திலிருந்து பார்க்கிறேன். பார்த்ததே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மூக்கின் நடுவில் ஒரு சின்ன மேடு. எப்போதும் யாருக்கோ மேலே இருந்து உத்தரவு போடுவதுபோல உயர்ந்திருக்கும் தாடை. ஆச்சரியம் என்னவென்றால் அந்த வாய். எதிர்முனையில் இருப்பவர் பேசும்போது, இவர் சும்மா கேட்கும் அந்த நேரத்தில், உதடுகள் இரண்டும் எதையோ ஊதப் போவதுபோல லேசாகக் குவிந்தன. ஆபீஸில் அதட்டும் வாய்க்கு இப்படி ஒரு ரகசிய வேலை இருக்கிறதா! பேச்சு வந்ததும் அது காணாமல் போனது. மறுபடி எப்போது வரும் என்று கத்தரி வைத்த வேட்டைக்காரன்போலக் காத்திருந்து, கோட்டில் பிடித்துப் போட்டேன்.

பிறகு வெட்டினேன். கத்தரி வெண்ணெயில் போவதுபோலப் போனது. வழக்கப்படி அட்டையை நாலு தட்டு தட்டி, சாக் தூளை ஊதிவிட்டுத் தூக்கிப் பிடித்தேன்.

தலையணை. தோள் வைத்த தலையணை.

மேனேஜர் அதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். "எந்தப் பக்கம் அத்தான் மேல?"

நான் அசரவில்லை. எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மா அப்போதுதான் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக அட்டையைக் காட்டி, "டாக்டர், இது யாருன்னு தெரியுதா?" என்றேன்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அக்கறையாகப் பார்த்தார். "யாருன்னு தெரியலைங்க. ஆனா தாடை நல்லா வீங்கியிருக்கு. உள்ள சீழ் இருக்கும். இன்னிக்கே வரச் சொல்லுங்க."

மேனேஜர் சோபாவில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்த சிரிப்பில் அக்கா போட்ட சாப்பாட்டை இரண்டு மடங்காகச் சாப்பிட்டார். போனை உள் அறையில் சார்ஜில் போட்டார். சோபாவில் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். குறட்டையில் வெற்றி இருந்தது.

நான் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஒரு நாற்காலி, கை நிறைய டோக்கன், கதவு திறக்கும்போது மட்டும் காற்று. முகம் வராதது கூடப் பரவாயில்லை. ஏன் வரவில்லை என்று தெரியாமலே எழுந்து போக வேண்டுமே, அதுதான் உறுத்தியது.

மனைவி துணுக்குகளைப் பெருக்க வந்தாள். குப்பையோடு சேர்த்துத் தம்பியையும் போடுவதற்காக அட்டையைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் நின்றுவிட்டாள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவளும் அதே தொழிற்சாலைதான். தையல் லைனில் இருந்தாள். நான் வெட்டி அனுப்புவதை அவள் தைப்பாள். எங்கள் கல்யாணமே ஒரு சட்டைக் கையில்தான் ஆரம்பித்தது. அந்தக் கதையை மூன்றாம் அத்தியாயத்திலேயே ஊதிப் பெருக்கிவிட்டதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

அவள் கட்டைவிரல் அட்டையின் ஓரத்தில் மெதுவாக ஓடியது. மிஷினில் ஊசியை இறக்கும் முன்பு துணி ஓரத்தைத் தடவுவாளே, அதே ஓட்டம்.

"என்னங்க."

"ம்."

"இதை எங்க தைக்கப் போறீங்க?"

"என்ன தைக்கிறது? இது அட்டை."

"அப்ப மூக்குக்கு எதுக்குங்க தையலுக்கு விட்டிருக்கீங்க?"

எனக்கு முதுகுத்தண்டில் யாரோ ஐஸ் கட்டியை வைத்தார்கள். அட்டையைப் பிடுங்கி விளக்கைப் போட்டுப் பார்த்தேன். நான் ஊதியும் போகாமல் சாக் கோடு லேசாக மிச்சம் இருந்தது. நெற்றி, மூக்கு, உதடு, தாடை, எல்லாம் அதில் இருந்தன. ஆனால் கத்தரி அந்தக் கோட்டில் போகவே இல்லை. கோட்டுக்கு வெளியே, சுற்றிலும் ஒரே சீராக, அரை விரல் தள்ளிப் போயிருந்தது. மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே இருந்த பள்ளம் அதில் தூர்ந்துவிட்டது. தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே இருந்த வளைவு மூடிக்கொண்டது.

பழைய அட்டைகளை எல்லாம் இழுத்துப் போட்டோம். மனைவி, மகள், நான். ஒவ்வொருவரையும் சுற்றி, சட்டைத் துணியில் மடித்துத் தைக்க விடும் அதே அரை விரல். உலகத்தையே உள்பக்கம் மடித்துத் தைக்கத் தயாராக வெட்டி வைத்திருக்கிறேன்!

"ஃபிரிட்ஜுக்குள்ள நான் இருந்திருக்கேன்" என்றாள் மனைவி, தன் அட்டையைப் பார்த்து. குரலில் கிண்டல் குறைந்து வேறு ஏதோ ஏறியிருந்தது.

"குடு, கோட்டை ஒட்டி வெட்டுறேன்" என்று கத்தரியை எடுத்தேன். எங்கே! நெற்றியில் ஒழுங்காகப் புறப்பட்ட கத்தரி, புருவத்துக்கு வருவதற்குள் கயிற்றை அறுத்துக்கொண்ட கன்றுக்குட்டிபோல வெளியே ஓடியது. கோட்டிலேயே வெட்டினால் சட்டை சிறுத்துப்போகும் என்று கைக்கு உயிர்ப் பயம். இழுத்து உள்ளே விட்டேன். மறுபடி வெளியே.

"விடுங்க. உங்க கை கேக்காது. இங்க குடுங்க."

"உனக்குக் கத்தரி பிடிச்சுப் பழக்கமில்லையே."

"கத்தரி பழக்கமில்ல. கோடு பழக்கம். நீங்க விட்ட ஓரத்துக்கு உள்ளயே ஓடி ஓடித்தானே என் ஆயுசு போச்சு."

நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு வெட்டினாள். ஊசி ஓடிய பாதையில் கத்தரி ஓடியது. மூக்கின் மேடு வெளியே வந்தது. அடுத்து மேல் உதடு. பிறகு அந்தக் குவிந்த வாய். நெற்றியில் ஏறிய கண்ணாடிக்குக் கீழே சின்னதாக ஒரு சந்து திறந்துகொண்டது. தாடைக்குக் கீழ் வளைவை எடுத்துக் கடைசித் துணுக்கு விழுந்ததும் அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ! எழுந்து வந்து ஆர்டர் போடுவான் போல இருக்குங்க!"

சோபாவில் அசல் ஆள் புரண்டு படுத்தது. நாங்கள் இருவரும் திருடர்கள்போல உறைந்து நின்றோம்.

ஓரம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க அட்டையைக் கீழ்ப்பாதி ஜன்னலில் டேப் போட்டு ஒட்டினோம். அது பால் போன்ற மங்கல் கண்ணாடி. வெளியே மேகம் கட்டி வெளிச்சம் முன்னதாகவே இறங்கியிருந்ததால் மேசை விளக்கைப் பின்னால் வைத்தேன். மனைவி டீ போடப் போனாள். யாரிடம் காட்டுவது, டாக்டரம்மாவையே மறுபடி கூப்பிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் எழுந்துவிட்டார். அக்காவிடம் டம்ளரை வாங்கிக்கொண்டு சமையலறை வாசலில் நின்று, "சாயங்காலம் ஆயிடுச்சு அத்தான். ஃபிரெண்டுகிட்ட சரின்னு சொல்லிடவா? என் போன் எங்க? கண்ணாடி எங்க?" என்றார். அங்கிருந்து ஜன்னல் தெரியாது.

அப்போதுதான் தெருவிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"போன் எடுக்க மாட்டீங்களா?"

மேனேஜரின் மனைவி. எனக்குத் தங்கச்சி முறை. ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாய் அதிர்ந்து பேசி நான் கேட்டதே இல்லை. ஊசி போடும்போது நோயாளியைவிட மெதுவாகக் கத்துகிறவள்.

"உங்களுக்கு ஷூ வாங்கணும்னு கடை வாசல்ல வந்து நிக்கச் சொன்னது நீங்கதானே? டியூட்டி முடிஞ்சு நேரா வந்து நின்னேன். நின்னேன், நின்னேன், கடைக்காரன் எனக்கு ஸ்டூல் போடுற வரைக்கும் நின்னேன். இங்க ஜன்னலோரம் ஹாயா உக்காந்திருக்கீங்களா?"

சமையலறை வாசலில் டம்ளர் பாதி வழியில் நின்றது. மேனேஜர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். என் மனைவி பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பதில் பேசுங்களேன்! நான் இங்க கத்துறேன், மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காந்தா என்ன அர்த்தம்? ஒரு தடவையாவது என் பக்கம் திரும்பிப் பாருங்களேன்!"

அட்டை திரும்பவில்லை. பக்கவாட்டு முகத்துக்கு அது ஒன்றுதான் முடியாது.

"பாரு, ஆடுறாரா அசையுறாரா! ஊரு பூரா ஆளுக்கு வேலை பாத்துக் குடுக்கணும், எல்லாரையும் ஓட்டிக்கிட்டே இருக்கணும். அண்ணன் பாவம், தேமேன்னு அட்டை வெட்டிக்கிட்டு இருக்கார். அவரைப் போய் வாசல்ல உக்கார வெக்கலைன்னா உங்களுக்குத் தூக்கம் வராதா? உங்களுக்கும்தான் ஆசை இருந்துச்சு. மவுத் ஆர்கன் வாங்கி, ஒரு பாட்டுக்கூட ஊதாம, பீரோ மேல துணி சுத்தி வெச்சிருக்கீங்களே, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? நான்தான் வாராவாரம் அதுக்குத் தூசி தட்டுறேன்!"

மேனேஜரின் டீ டம்ளரோடு கீழே இறங்கியது. அவருடைய முகத்தில் அதுவரை நான் கோடு போடாத ஒரு பாவம் வந்து நின்றது. உதடுகள் தாமாகவே குவிந்தன. அந்த வாய் இத்தனை நாள் எதை ஊதப் பார்த்தது என்று எனக்குப் புரிந்துபோயிற்று.

கேட் திறந்தது. கதவும் திறந்தது. தங்கச்சி உள்ளே வந்தாள். நேராக ஜன்னலை நோக்கிப் போனவள், சமையலறை வாசலில் புருஷனைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். மறுபடி புருஷனை. மெல்ல நடந்துபோய் அட்டையின் மூக்கை ஒரு விரலால் தொட்டாள்.

"அண்ணே, நான் இவ்வளவு நேரம் யாரைத் திட்டினேன்?"

"என் அட்டையை, தங்கச்சி."

பொத்தென்று சோபாவில் உட்கார்ந்தாள். "பொறுமையாத்தான் கேட்டுச்சு" என்றாள்.

மேனேஜர் விடுவாரா? "இருட்டிக்கிட்டு வந்துச்சு. இவ டியூட்டி முடிஞ்ச களைப்புல வந்தா. அந்த ஜன்னல்ல முருங்கைக்காயை ஒட்டி வெச்சிருந்தாக்கூட என்னைன்னு நினைச்சிருப்பா."

"முருங்கைக்காய்க்கு நெத்தியில கண்ணாடி இருக்காடா?" என்றாள் என் மனைவி.

மேனேஜர் நெற்றியைத் தொட்டார். அன்றைக்குத் தேடிக்கொண்டிருந்த கண்ணாடி அங்கே இருந்தது. அதைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு, முதல்முறையாக ஜன்னல் பக்கம் போனார். அட்டையையே பார்த்தார்.

"என் வாய் இப்படியா இருக்கு?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

இந்தச் சந்தடியில் என் மனைவி ஒரு புது அட்டையையும் சாக்கட்டியையும் கத்தரியையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே போவதை நான் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டேன். "யாரை வெட்டப் போற?" என்றேன். "உங்க வேலையைப் பாருங்க" என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். துடைப்பம் மேசையடியில் கிடந்தது.

உடனே என் போன் அடித்தது. மகள். வெளியூரில் வேலை பார்க்கிறவள். வாரம் தவறாமல் அப்பாவின் கதையைக் கேட்பாள். வாரம் தவறாமல் நம்ப மாட்டாள்.

ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நடந்ததைச் சொன்னேன். நடந்தது நடந்தபடியேதான், சற்றே இஸ்திரி போட்டு. அத்தை அரை மணி நேரம் திட்டினாள். தெருவே கூடிவிட்டது. பஸ் நின்றது. டிரைவர் இறங்கி வந்து, 'சார், வீட்டுக்காரம்மாவுக்குப் பதில் சொல்லுங்க சார்' என்று அட்டையிடம் கெஞ்சினார்.

"அப்பா, போதும்பா. போன வாரம் நீங்க வெட்டின பூனையைப் பாத்து எலி ஓடிப்போச்சுன்னு சொன்னீங்க."

"ஓடிச்சும்மா!"

"மாமா அங்க இருக்காரா? அவர்கிட்ட குடுங்க. அவர் சொன்னா நம்புறேன்."

திங்கட்கிழமை என் ஜன்னலா, அந்த நாற்காலியா என்பது இப்போது மேனேஜரின் வாயில் இருந்தது. 'நடக்கவில்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பைக்கில் என்னை ஏற்றிவிடலாம். தங்கச்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில் கத்தரிச் சத்தம் நின்றுவிட்டது. நான் போனை நீட்டினேன்.

மேனேஜர் வாங்கிக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"அரை மணி நேரமெல்லாம் இல்லம்மா. அஞ்சு நிமிஷம் இருக்கும். தெருவும் கூடல. பஸ்ஸும் நிக்கல. நம்ம தெருவுல பஸ்ஸே கிடையாது. உங்கப்பா வழக்கம்போல அளக்குறார்."

என் கண் முன்னால் டோக்கன்கள் வரிசையாக வந்து நின்றன.

மேனேஜர் திரும்பினார். அட்டையைப் பார்த்தார். அட்டை தெருவின் அந்தக் கோடியை, எதையோ ஊதப் போகும் வாயோடு, பார்த்துக்கொண்டிருந்தது. இந்த முறை மேனேஜர் தன் மனைவியின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"ஆனா உங்க அத்தை திட்டினது அந்த அட்டையைத்தான். நான் சமையலறை வாசல்ல நின்னு ஒரு வார்த்தை விடாமக் கேட்டேன். நடந்துச்சும்மா."